லேப்டாப் ஆன் ஆகல, பூட் ஃபைல் எரர்னு வருது

கேள்வி:
அப்டேட் ஓடிட்டு இருக்கும்போதே சார்ஜ் தீர்ந்து லேப்டாப் ஆஃப் ஆயிடுச்சு, இப்ப ஆன் பண்ணா நீல ஸ்கிரீன்ல பிசிடி ஃபைல் (விண்டோஸ் எப்படி ஸ்டார்ட் ஆகணும்னு சொல்ற ஃபைல்) சரியில்லன்னு நிக்குது, உள்ள தங்கச்சியோட காலேஜ் ப்ராஜெக்ட் இருக்கு, ஃபார்மட் பண்ணாம சரி பண்ண முடியுமா?

பதில்:
முடியும் ப்ரோ. 8 ஜிபி பென்டிரைவ்ல விண்டோஸ் இன்ஸ்டாலர் போட்டு அதுல பூட் பண்ணி, ரிப்பேர் போய் ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுங்க.

பதில்:
மொதல்ல ப்ராஜெக்ட்ட எடுத்துருங்க, அதான் முக்கியம். அந்த ரிப்பேர் மெனுலயே கமாண்ட் ப்ராம்ப்ட் (கமாண்ட் டைப் பண்ற கருப்பு விண்டோ) திறந்து நோட்பேட்னு அடிச்சு ஃபைல், ஓபன் போனா டிரைவெல்லாம் தெரியும், ஆல் ஃபைல்ஸ்னு மாத்திட்டு ரைட் கிளிக்ல காப்பி பண்ணி வேற பென்டிரைவ்ல போடுங்க. பிட்லாக்கர் (டிரைவ பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) கேட்டா 48 இலக்க ரெக்கவரி கீ வேணும்.

பதில்:
ஸ்டார்ட்அப் ரிப்பேர்ல சரி ஆகலன்னா அதே கமாண்ட் ப்ராம்ப்ட்ல பிசிடிபூட் (bcdboot) கமாண்ட் போடுங்க, பூட் ஃபைல புதுசா எழுதிரும். ஆனா அங்க சி டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம், விண்டோஸ் ஃபோல்டர் எதுல இருக்குன்னு பாத்துட்டு அடிங்க.