மீன் தலைக்கு என்ன விலை? சுங்கை சிப்புட் இலைக்கடையில் எங்கள் அனுபவங்கள்

மலேசியாவில், பேராக்கில் நம் சுங்கை சிப்புட் டவுனில் இருக்கும் ஒரு வாழையிலைக் கடையில் நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை, கடையைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் (மரத்தைச் சீவிப் பால் எடுப்பது). தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மாறிய பிறகுதான் தாமானுக்கு, அதாவது டவுன் குடியிருப்புக்கு, வந்தோம். சின்ன வயதில் சம்பள நாள் என்றால் மோட்டாரில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று எங்களை ஏற்றிக்கொண்டு வந்து அந்தக் கடையில்தான் உட்கார வைப்பார். இப்போது அவருக்கு முட்டி வலி, போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் கடைக்கார அக்கா அவரைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் முதலில் ஒரு டம்ளரில் ரசத்தைக் கொண்டு வந்து வைத்தார். அப்பா ரசம் குடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார், அதை அக்கா இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா உள்ளே சமையலுக்குப் போய்விட்டார். பரிமாறிய தம்பி, “மீன் தலை இருக்கு, வைக்கவா?” என்று கேட்டான். அப்பா ஆசையாகத் தலையாட்டினார். விலையை அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சுவரில் இருக்கும் பட்டியலிலும் மீன் தலைக்கு நேராக விலை கிடையாது. நன்றாகத்தான் சாப்பிட்டோம், அப்பா இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டுத் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடித்தார். கல்லாவில் கணக்குப் பார்த்தால் 78 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு இலைச் சாப்பாடு 20, தே இரண்டு 5, நெத்திலி சம்பால் 5, மீன் தலை மட்டும் 48.

“எப்படி 48?” என்று கேட்டேன். “சைஸ் பார்த்துதான் விலை, அக்கா” என்று என்னிடம் சொன்னான் பையன். பின்னால் ஆள் வரிசையாக நிற்கிறது, அப்பா என் கையைப் பிடித்து இழுத்து, “விடும்மா, கேட்காதே” என்கிறார். வீடு வரும் வரை அவர் பேசவே இல்லை. ராத்திரி, “இனிமேல் அந்தக் கடை வேண்டாம், நமக்குக் கட்டுப்படியாகாது” என்றார். அமைச்சராக இருந்த சம்பந்தன், தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தவர் எங்கள் தாத்தா. எவ்வளவு, எதற்கு என்று தெரிந்து பணம் கொடுத்துப் பழகிய குடும்பம் இது. 48 வெள்ளி பெரிய தொகைதான், ஆனால் என்னால் கொடுக்க முடியும். அப்பா இனி அந்த இலையின் முன் நிம்மதியாக உட்கார மாட்டாரே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

*

தங்கச்சி, எனக்கும் இதே மீன் தலை, இதே பதில். போன தீபாவளிக்கு முந்தின வாரம். அதிலிருந்து நான் முதலில் விலையைக் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுவேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன், விடியற்காலை ஐந்தரைக்கு அங்கேதான் பசியாறுவேன், இரண்டு தோசை, ஒரு தே ஓ (பால் இல்லாத டீ). 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எந்தக் கடையிலும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பொங்குஸ் (பொட்டலம் கட்டி வாங்கிப் போவது) மட்டும்தான். என் முதலாளி சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டார். அக்காவிடம் நான் கஷ்டம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாரோ என்னவோ, வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுவிட்டு ஐந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பணத்தை நீட்டினால் 555 புத்தகத்தில் (கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு) எழுதிக்கொள்கிறேன் என்றார். அந்த வருடக் கடைசியில்தான் முழுக் கணக்கையும் தீர்த்தேன், அதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதனால் உள்நாட்டு வாணிப அமைச்சுக்குப் புகார் எழுதலாம் என்று நினைத்தால், அதற்கு முன்னால் தயவுசெய்து அவரிடம் நேரில் பேசுங்கள். அந்த 48 வெள்ளி அவருக்குத் தெரியாமல்கூட இருக்கலாம்.

*

நான் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையற்கட்டில் பதினோரு வருடம் வேலை செய்தவன். மீன் தலைக்கு ஏன் ஒரே விலை போட முடியவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இக்கான் மேரா (சிவப்பு மீன்) தலையைச் சந்தையில் எடை போட்டு வாங்குகிறோம், ஒரு தலை இருக்கிற மாதிரி இன்னொன்று இருக்காது, காற்று மழைக் காலத்தில் படகு போகாவிட்டால் விலை ஏறிவிடும். மற்றதும் ஏறித்தான் இருக்கிறது. 2023 செப்டம்பரில் இறக்குமதி வெள்ளை அரிசி ஒரு டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 ஆனது, அந்த வருடம் நவம்பரில் கோழிக்கு இருந்த உச்சவரம்பு விலையையும் எடுத்துவிட்டார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. இலைச் சாப்பாட்டில் சோறும் காய்கறியும் கேட்கக் கேட்க வைக்க வேண்டும், அதில் பெரிய லாபம் கிடையாது, மீன், நண்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டல் இதில்தான் கடை நிற்கிறது.

இதெல்லாம் உண்மை. ஆனால் விலையைச் சொல்லாமல் இலையில் வைப்பதற்கு இதில் எதுவும் காரணம் ஆகாது. விலையைக் காட்டித்தான் விற்க வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2011ஆம் வருடத்து விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உள்நாட்டு வாணிப அமைச்சு அதிகாரிகள் கடைக்கே வந்து பார்ப்பார்கள். நாங்கள் என்ன செய்தோம் என்றால், காலையில் மீன் வந்ததும் தலைகளைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்றாகப் பிரித்து, அன்றைய விலையை வெள்ளைப் பலகையில் எழுதிவிடுவோம். ஐந்து நிமிட வேலைதான். பலகை வந்த பிறகு கல்லாவில் வாய்ச்சண்டை நின்றுபோனது. சிறியதை எடுத்தவர்களும் சந்தோஷமாக எடுத்தார்கள். அந்த அக்காவுக்கு இதைச் சொல்லுங்கள்.

*

என்னுடையது சின்ன விஷயம். புரட்டாசி சனிக்கிழமை அங்கே சைவம் சாப்பிடப் போனேன், கோழிக் குழம்பில் இருந்த கரண்டியையே தம்பி சாம்பாரிலும் போட்டான். பாதியில் எழுந்து வந்துவிட்டேன், வயிற்றைப் பிரட்டியது. மறுநாள் போன் செய்து அக்காவிடம் சொன்னேன். அடுத்த வாரமே சைவ வாளிகள் தனி மேசைக்குப் போய்விட்டன, கரண்டிக் காம்பில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. சொன்னால் கேட்கிறவர் அவர். சகோதரி, நீங்கள் போங்கள்.

*

எல்லோருக்கும் நன்றி. புதன்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, “அப்பா என்ன சொன்னார்?” என்று கேட்டார். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கல்லாவைத் திறந்து 20 வெள்ளியை எடுத்து நீட்டினார், அது நடுத்தரத் தலைதானாம், 28தான் போட்டிருக்க வேண்டுமாம். நான் வாங்க மறுத்தேன், அவர் விடவில்லை, வாங்கிக்கொண்டேன். வெள்ளைப் பலகை யோசனையையும் சொன்னேன்.

சனிக்கிழமை அந்தப் பக்கம் போனபோது பலகை வந்திருந்தது. மீன் தலை சிறிது 20, நடுத்தரம் 28, பெரிது 40. எழுத்து கொஞ்சம் கோணல், அக்காவின் கையெழுத்து என்று நினைக்கிறேன்.

அப்பாவைக் கூப்பிட்டேன், இன்னும் வரவில்லை. “முட்டி வலிக்குது, நீ போய் ரசம் மட்டும் கட்டி வாங்கிட்டு வா” என்றார். அக்கா பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் போட்டுக் கொடுத்தார், அது இரண்டு பேருக்கான அளவு. வீட்டுக்கு வந்து டம்ளரில் ஊற்றி அப்பாவின் முன்னால் வைத்தேன். குடித்து முடித்துவிட்டுத்தான் சோற்றைப் போடச் சொன்னார்.