ஓட்டலில் தங்கவைக்கும் ஜூரர்களிடம் என்னென்ன கேட்கலாம்? யோசனை வேண்டும்

வணக்கம். அமெரிக்க கவுண்டி நீதிமன்றங்களில் ஜூரி நிர்வாகம், பாதுகாப்பு வேலை பார்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். கொலை வழக்கு ஒன்றுக்காக 12 ஜூரர்கள் (தீர்ப்பு சொல்லப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்), 4 மாற்று ஜூரர்களை, வெளிச் செய்தியோ பேச்சோ எட்டாதபடி, ஓட்டலில் தங்கவைக்கிறோம். அவர்களுக்கான விவரப் படிவம் தயாராகிறது.

தாளில் ஜூரர் எண் மட்டுமே இருக்கும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் முத்திரையிட்ட உறையில் நீதிமன்றக் கிளார்க்கிடம் இருக்கும். ஓட்டலுக்குப் பெயர் போகாது. சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கவில்லை, தேவையும் இல்லை. அவசரத் தொடர்புக்கு இருவர், கார் எண், பார்க்க வரும் குடும்பத்தார் பெயர்கள், இவை போதும்.

மருந்துப் பகுதிதான் இழுக்கிறது. "மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால் "பிபி மாத்திரை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை தீர்ந்தால் எந்தக் கடையில், எந்த அளவில் வாங்குவது என்று காவலுக்கு இருக்கும் டெபுட்டிக்கு (ஷெரிஃப் அலுவலகக் காவலருக்கு) தெரியாது. அதனால் மருந்தின் பெயர், மில்லிகிராம், வேளை, கையிருப்பு நாட்கள், மருந்துக்கடை எனத் தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறோம். இன்சுலின் என்றால் அறையில் ஃப்ரிட்ஜ் வேண்டும். முன்னாள் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கில் 1995இல் ஜூரர்கள் 265 நாள் தங்க நேர்ந்தது. ஒரு மாதக் கையிருப்பை நம்ப முடியாது.

இரண்டு விஷயம் சொல்லுங்கள்: மருந்துத் தாளை ஷிஃப்ட் டெபுட்டியிடமே கொடுக்கிறீர்களா, கிளார்க் அலுவலகத்தில் பூட்டி வைக்கிறீர்களா? தீர்ப்புக்குப் பிறகு அழிக்க நீதிபதியிடம் தனி உத்தரவு வாங்குகிறீர்களா?