பக்குவப் பேணல்: குறைமாதக் குழந்தைகளுக்காக ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'டெவலப்மென்டல் கேர்' (குழந்தையின் மூளையும் புலன்களும் முதிர ஏற்றபடி சூழலையும் கையாளும் விதத்தையும் அமைப்பது) வரும் இடத்தில் பேனா மூன்று நாளாக நகரவில்லை. பலரும் எழுதும் 'வளர்ச்சிப் பராமரிப்பு' எனக்கு ஒட்டவில்லை. வளர்ச்சி என்றதும் எந்தத் தாயும் "எடை எவ்வளவு கூடியிருக்கு?" என்றுதான் கேட்பார். எடை கூடுவதும் வளர்ச்சி, மூளையும் புலன்களும் தம் வேலைக்குப் பழகுவதும் வளர்ச்சி என்று ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்து வைத்திருக்கிறோம். 'மேம்பாடு' என்றால் சாலையும் பாலமும் நினைவுக்கு வருகின்றன.

சொல் எதைச் சுமக்க வேண்டும் என்று பார்ப்போம். 37 வாரம் நிறையுமுன் பிறந்தால் குறைமாதம். 28 வாரத்தில் பிறந்த பிள்ளை இன்னும் 12 வாரம் இருட்டிலும் வெதுவெதுப்பிலும் சுருண்டு கிடந்திருக்க வேண்டியது. புலன்களில் தொடுவுணர்வு முதலில் விழிக்கும், பார்வை கடைசியில். ஆனால் வெளியே காத்திருப்பவை விளக்கும் எச்சரிக்கை மணியும் ஊசியும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் கோர்த்துச் செய்யவே ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதனால்தான் விளக்கைத் தணிக்கிறார்கள், ஓசையை 45 டெசிபெலுக்குள் வைக்கப் பார்க்கிறார்கள், துணியைச் சுருட்டிப் பிள்ளையைச் சுற்றிக் கூடுபோல் அமைக்கிறார்கள். ஊசி போடும்போது ஒருவர் அதன் கைகால்களை மடக்கி அணைத்துப் பிடித்துக்கொள்கிறார்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது, உளவியலாளர் ஹைடலிஸ் ஆல்ஸ் 1980களில் வகுத்த கருத்து: குழந்தையின் நடத்தையே அதன் பேச்சு. விரல்களை விறைத்து விரித்தால், முதுகை வில்லாக வளைத்தால், நிறம் மாறினால் 'போதும், விடுங்கள்' என்று பொருள். கையை வாய்க்குக் கொண்டுபோனால், முகம் தளர்ந்தால் 'சரி, தொடரலாம்'. இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். குறளில் இரண்டு அதிகாரங்களுக்கு ஒரே தலைப்பு: குறிப்பறிதல். அமைச்சருக்கும் காதலருக்கும் பயன்பட்டது செவிலியருக்கும் பயன்படட்டும்.

மொத்தத்துக்கும் நான் வைக்கும் சொல் 'பக்குவப் பேணல்'. பக்குவம் என்றால் முதிர்ந்த நிலை. "பக்குவமாத் தூக்கு" என்றால் இதமாக, அறிந்து கையாள் என்று பொருள். பிள்ளைக்கு வேண்டிய முதிர்ச்சி, நம் கைக்கு வேண்டிய நிதானம் இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. வடமொழி வேர் என்பது தெரியும். அதற்காக இதை விட மனமில்லை.

*

வணக்கம் ஐயா,

வேர் பற்றி எனக்குச் சண்டை இல்லை. பெண் பூப்படைவதையும் 'பக்குவமடைந்தாள்' என்கிறோமே, இடிக்காதா? இன்னொன்று: உங்கள் சொல்லில் தாய் எங்கே? என் மகள் 31 வாரத்தில் பிறந்தாள். முதல் ஒன்பது நாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். பால் எடுத்துக் கொடுப்பதைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை என்றே நினைத்திருந்தேன். இந்தச் சொல்லை அன்று கேட்டிருந்தாலும் அது செவிலியர் வேலை என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

*

அம்மா, முதல் கேள்விக்குப் பதில் எளிது. 'பேணல்' பக்கத்தில் நின்றால் அந்தப் பொருள் எழாது. இரண்டாவதுக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. நேற்று முழுக்க அதையே யோசித்தேன்.

1970களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டாவில் மருத்துவர்கள் எட்கர் ரேயும் எக்டர் மார்ட்டினேசும் இன்குபேட்டர் பற்றாக்குறையில் பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்பில் சேர்த்துக் கட்டியதில் தொடங்கியது கங்காரு பராமரிப்பு. இன்று உலகச் சுகாதார அமைப்பு (2022) பிறந்ததுமே அதைத் தொடங்கச் சொல்கிறது, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை. அப்படியானால் தாய் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் அல்லர். நாளில் பாதிக்கு மேல் அவரே பிள்ளையின் படுக்கையாக இருக்கலாம். எனவே 'தாய்சேய்ப் பக்குவப் பேணல்' என்று முன்னொட்டோடு எழுதுகிறேன், நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கங்காரு முறைக்கு 'மார்பணைப் பேணல்'. தந்தையும் செய்வதால் அங்கே தாய் என்று போடவில்லை.

இன்குபேட்டர் இன்குபேட்டராகவே இருக்கட்டும். அதன்மேல் வெளிச்சம் படாமல் போர்த்தும் துணிக்கு மட்டும் யாராவது ஒரு சொல் தாருங்கள். 'உறை' என்று எழுதினால் தலையணை உறை போல் இருக்கிறது.