மூன்றாவதாக உட்கார்ந்த மாணவர்

மறக்க முடியாத ஆசிரியரைப் பற்றி எழுதச் சொன்னதற்கு, எல்லோரும் தங்களுக்கு நேரில் பாடம் எடுத்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் திரையில் மட்டுமே பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மும்பை ஐஐடியின் கணினி அறிவியல் பேராசிரியர் தீபக் ஃபாடக்.

2012 நவம்பர் 10, 11. சனி, ஞாயிறு. செவ்வாய்க்கிழமை தீபாவளி. ஊருக்குக் கிளம்பும் கூட்டத்துக்கு நடுவே பஸ் பிடித்து, பக்கத்துக் கல்லூரியில் இருந்த பயிற்சி மையத்துக்குப் போனேன். நாடு முழுக்கப் பத்தாயிரம் ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில், மாணவர்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த மலிவு விலை ஆகாஷ் டேப்லெட்டில் பயிற்சி. பாடம் மும்பை ஐஐடி இருக்கும் பொவாயில் நடக்க, அமிர்தா பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏ-வியூ என்ற இணையவழி வகுப்பு மென்பொருள் அதை எங்களிடம் கொண்டுவந்தது.

எனக்கு அதுதான் பெரிய விஷயம். அதுவரை ஐஐடியில் பயிற்சி என்றால் லீவு, ரயில் டிக்கெட், விடுதி அறை. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பதால்தான் போக முடிந்தது.

ஆகாஷ் கைக்கு வந்தது. ஏழு அங்குலத் திரை. அதிலேயே சி, பைத்தான் கணினி மொழிகளில் நிரல் எழுதி ஓட்டும் செயலிகளை ஐஐடி குழு செய்திருந்தது. நெளி அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று நானும் பக்கத்தில் இருந்த மேடமும் கீபோர்டை மாற்றி மாற்றித் தேடினோம். "இதோ இருக்கு பாருங்க மேடம்!" என்று அவர் சொன்னபோது இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். ஐந்தே வரி நிரல்தான், விடை சரியாக வந்தது.

அப்போது என் கல்லூரியில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் லேப்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கணினிக்கு மூன்று பேர். மூன்றாவதாக உட்காருபவர் கீபோர்டைத் தொடாமலே செமஸ்டரை முடித்துவிடுவார். அவர் கையில் இப்படி ஒன்று இருந்தால்?

ஃபாடக் 1971 முதல் மும்பை ஐஐடியில் இருந்தவர். 1998இல் அங்கே கன்வல் ரேகி தகவல் தொழில்நுட்பப் பள்ளியை அமைத்தவர். தன் ஆய்வு, தன் மாணவர்கள் என்று அவர் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எங்களைப் போன்ற சிறிய கல்லூரி ஆசிரியர்களுக்காக இவ்வளவு மெனக்கெட்டார். 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

எங்கள் மாணவர்கள் கைக்கு டேப்லெட் வந்து சேரவில்லை. சரி, நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்று அடுத்த செமஸ்டரிலேயே லேப்பில் ஒரு விதி வைத்தேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும், மூன்றாவதாக உட்கார்ந்தவர்தான் முதலில் டைப் செய்ய வேண்டும். இன்றும் அப்படித்தான் நடத்துகிறேன்.