அப்பாவுக்கு மறக்காத பாஸ்வர்ட் வேண்டும், உதவுங்கள்

தோட்டத்து மகள்:
வணக்கம். நாங்கள் மலேசியா, சுங்கை சிப்புட். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் 34 வருஷம் பால் வெட்டியவர். ஈ.பி.எஃப். (சேமநிதி), வங்கி, மின்னஞ்சல் மூன்றுக்கும் ஒரே பாஸ்வர்ட்தான்: அவருடைய ஐசி (அடையாள அட்டை) எண். அதையும் சாமி மேடைக்குப் பக்கத்தில் தொங்கும் நாள்காட்டி அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். போன வாரம் நான் எண், குறி எல்லாம் கலந்து கடினமாக ஒன்று வைத்துக் கொடுத்தேன். மூன்று தடவை தப்பாக அடித்து வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. "இனிமேல் எனக்கு இதெல்லாம் வேண்டாம்மா" என்கிறார். தன் நிரையில் (மர வரிசையில்) எந்த மரம் எவ்வளவு பால் கொடுக்கும் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவார். அவருக்கு ஞாபகசக்தி குறைவு என்று நான் நம்பவில்லை. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
திருக்குறள் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அம்மா. சாகும்வரை மறக்காது.

ஈப்போ தம்பி:
ஐயா, மன்னிக்கவும், குறள் வேண்டாம். மொத்தமே 1,330 தான். கணினிக்கு அது ஒரு நொடி வேலைகூட இல்லை. பேரன் பெயர், கோயில் பெயரும் அப்படித்தான், தோட்டத்தில் யாருக்குத் தெரியாது?

அக்கா, ஐசி எண் இன்னும் மோசம். அதன் 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பேராக் என்றால் 08), கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை. இவ்வளவும் தெரிந்தவனுக்கு மிஞ்சுவது 5,000 எண்கள்தான்.

1995-இல் ஆர்னால்ட் ரெயின்ஹோல்ட் என்பவர் பகடை உருட்டிச் சொல் எடுக்கும் முறை ஒன்றைச் சொன்னார். அதை வீட்டுக்கு ஏற்றபடி இப்படிச் செய்யலாம். 666 பக்கத்துக்குக் குறையாத மலாய் அகராதி ஒன்றை எடுங்கள். பாம்பு ஏணிப் பகடையை நான்கு முறை உருட்டுங்கள். முதல் மூன்று எண்ணும் சேர்ந்து பக்கம். நான்காவது, அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பது. 3, 4, 2, 5 விழுந்தால் 342-ஆம் பக்கம், ஐந்தாவது சொல். இப்படி ஐந்து சொல். 36 கோடி கோடிக்கு மேல் வாய்ப்புகள் வரும். பிடிக்கவில்லை என்று சொல்லை மாற்றாதீர்கள். நாமே தேர்ந்தெடுத்தால் அந்தப் பலம் போய்விடும். மலாய்ச் சொல் என்பதால் ரோமன் எழுத்தில் எப்படி அடிப்பது என்ற குழப்பமும் இல்லை.

அப்புறம் அதை ஒரு காட்சியாக்குங்கள். குடா, சாபுன், ஹுஜான், லம்பு, கெருசி என்று வந்தால்: குதிரை மழையில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, விளக்கோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. (இதையே வைத்துவிடாதீர்கள்!)

தோட்டத்து மகள்:
மூன்று கணக்குக்கும் மூன்று குதிரையா?

ஈப்போ தம்பி:
மின்னஞ்சலுக்கு மட்டும் இது மனப்பாடமாக இருக்கட்டும். மற்றக் கணக்குகளின் பாஸ்வர்ட் மறந்தால் புதுப்பிக்கும் இணைப்பு பெரும்பாலும் அங்கேதான் வரும். அது போனால் எல்லாம் போச்சு. இரட்டைச் சரிபார்ப்பையும் (பாஸ்வர்டோடு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) போட்டுவிடுங்கள். மற்ற இரண்டுக்கும் தனித்தனி பாஸ்வர்ட் வைத்து, தாளில் எழுதி, பூட்டிய பெட்டியில் வையுங்கள். எழுதுவது குற்றமில்லை, நாள்காட்டியில் எழுதுவதுதான் ஆபத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டாம். கசிந்ததாகத் தெரிந்தால் மாற்றினால் போதும். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டே 2017-இல் அப்படித்தான் சொன்னது.

டேக் நம்பர் (பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் ஒருமுறை எண்) கேட்டு யார் அழைத்தாலும் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே மோசடிப் புகாருக்கான 997-க்கு அழையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
சரி தம்பி, எனக்கும் இன்றைக்குத்தான் புரிந்தது. நான் குறளைத்தான் வைத்திருந்தேன். மாற்றிவிட்டேன்.

தோட்டத்து மகள்:
நேற்று இரவு அப்பாவே பகடையை உருட்டினார். விழுந்த ஐந்து சொல்லையும் தன் பழைய நிரையில் ஐந்து மரத்துக்கு ஒன்றாக மாட்டிவிட்டாராம். காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் அடித்தார். முதல் தடவையிலேயே திறந்தது. நாள்காட்டி அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டாயிற்று. வங்கிக் கணக்கைத் திறக்கத் திங்கட்கிழமை கிளைக்குப் போகிறோம்.