குல்ஹு வல்லாஹு மூன்று தடவை ஓதினால் ஒரு குர்ஆன் முடித்த கணக்கா?

திண்ணைவாசி:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் உம்மம்மா படுக்கும்முன் குல்ஹு வல்லாஹு சூராவை (குர்ஆனின் இக்லாஸ் அத்தியாயத்தை) மூன்று தடவை ஓதி, "ஒரு குர்ஆன் முடிச்சாச்சு" என்று சொல்லித்தான் தலையணையில் சாய்வார்கள். நானும் அப்படியே நம்பி வளர்ந்தவன். போன வாரம் மச்சான் ஒருவர் கேட்டார், நாலே வசனம், ஒரு நிமிஷம்கூட ஆகாது, அப்படியானால் ரமலானில் குர்ஆனின் 30 ஜுஸ்வையும் (பாகங்களையும்) முடிக்க ஏன் இவ்வளவு பாடு, மூன்று தடவை இதைச் சொல்லிவிட்டு எழுந்து போகலாமே என்று. சிரித்தேன், பதில் வரவில்லை. ஒரு தடவை ஓதினால் குர்ஆனில் மூன்றில் ஒரு பங்கு என்பது ஹதீஸா (நபிமொழியா), பெரியவர்கள் சொல்லி வந்ததா?

கடைசி ஸஃப்:
வஅலைக்கும் ஸலாம். ஹதீஸ்தான், புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. ஒருவர் இந்த சூராவையே திரும்பத் திரும்ப ஓதியதைக் கேட்ட இன்னொருவர், விடிந்ததும் நபி (ஸல்) அவர்களிடம் போய்ச் சொல்கிறார். இவ்வளவுதானா ஓதினார் என்ற நினைப்பு அவருக்கு. அதற்கு நபியவர்கள் அல்லாஹ் மீது ஆணையிட்டு, அது குர்ஆனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமம் என்றார்கள். அறிவிப்பவர் அபூ சயீத் அல்குத்ரி (ரலி). மச்சானுடைய சந்தேகம் 1400 வருஷப் பழசு என்று சொல்லுங்கள்.

ஆனால் அந்தச் சமம் நன்மையில்தான். ஷாஃபி மத்ஹபோ ஹனஃபி மத்ஹபோ (சட்டப் பிரிவுகள்), தொழுகையில் இதை மூன்று தடவை ஓதினாலும் குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹாவுக்கு ஈடாகாது. இது எப்படி மூன்றில் ஒரு பங்காகும் என்ற கேள்விக்கென்றே பழைய மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யா ஒரு நூல் எழுதியிருக்கிறார். பெட்டி நிறையப் பொற்காசு இருக்கிறது, வீட்டில் அரிசி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், காசை மென்று பசியாற முடியாது இல்லையா, அந்த மாதிரி. வாரிசுச் சட்டமும் யூசுஃப் நபி வரலாறும் வேண்டுமென்றால் அந்தந்த சூராவுக்குத்தான் போக வேண்டும். குர்ஆனில் வருவது சட்டம், வரலாறு, இறைவனைப் பற்றியது என்று மூன்று வகை, அந்த மூன்றாவது முழுக்க இந்த நாலு வசனத்தில் அடங்கிவிடுகிறது என்று பல அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

நாலு வரி:
ஓதுகிற எண்ணிக்கையை விடுங்கள், பொருள் தெரிந்து ஓதுகிறோமா? 'அல்லாஹுஸ் ஸமத்' என்பதற்குத் தமிழில் 'தேவையற்றவன்' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது உறுத்தும். தேவையற்ற செலவு, தேவையற்ற பேச்சு என்றால் நமக்கு என்ன அர்த்தம்? வேண்டாதது என்றுதானே. 'தேவைகளற்றவன்' என்றால் அந்தக் குழப்பம் கொஞ்சம் தீரும், ஆனால் அதுவும் பாதிதான். ஸமத் என்றால் எல்லோரும் தங்கள் தேவைக்குத் தேடிப் போகிறவன். அவன் போய் நிற்க வேண்டிய வாசல் எதுவும் இல்லை, மற்ற எல்லோரும் அவன் வாசலில்தான். உள்ளே வெற்றிடமே இல்லாதது என்ற பொருளையும் பழைய விரிவுரைகள் சொல்கின்றன. குர்ஆன் முழுவதிலும் இந்தச் சொல் இங்கே ஒரே இடத்தில்தான் வருகிறது.

செப்புக்காசு:
எனக்கு மார்க்கக் கல்வி குறைவு, பழைய நாணயப் பைத்தியம் உண்டு. கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77ல் உருவம் எதுவும் இல்லாத தங்க தீனாரை அடித்தார். அதில் பொறித்தது இந்த சூராவைத்தான், "அல்லாஹு அஹத்" தொடங்கி "வலம் யூலத்" வரை. அதற்குமுன் சிரியாவில் புழங்கியது பைஸாந்தியப் பேரரசரின் உருவமும் சிலுவையும் போட்ட காசு. ஹிஜ்ரி 72 என்று தேதி பொறித்த ஜெருசலேம் குப்பத்துஸ் ஸக்ராவின் (பாறைக் குவிமாடம்) கல்வெட்டு வரிகளிலும் இந்த சூரா இருக்கிறது. கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊரில், அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்பதை இப்படி எழுதி வைத்தது தற்செயலாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திண்ணைவாசி:
ஜஸாக்கல்லாஹு கைரன். உம்மம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் ரமலான்ல 30 ஜுஸ்வையும் ஓதுறேன், இதையும் ஓதுறேன், அவன் எதை ஓதுறான்னு முதல்ல கேளு" என்றார்கள். இன்னொன்று, சூராவின் பெயர் இக்லாஸ், ஆனால் உள்ளே அந்தச் சொல்லே இல்லையே?

கடைசி ஸஃப்:
ஆமாம், இல்லை. இக்லாஸ் என்றால் கலப்பில்லாமல் தூய்மையாக்குவது, பெயர் பொருளை வைத்து வந்தது. உம்மம்மாவுக்கு ஸலாம் சொல்லுங்கள். நபியவர்கள் காலத்தில் மதீனாவை அடுத்த குபா பள்ளிவாசலில் ஓர் இமாம் தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்திலும் (சுற்றிலும்) முதலில் இதை ஓதிவிட்டுத்தான் வேறு சூராவுக்குப் போவார், ஜமாஅத்தினர் முறையிட்டும் விடவில்லை. நபியவர்கள் காரணம் கேட்டபோது, எனக்கு அதைப் பிடிக்கும் என்றார். அந்தப் பிரியமே உன்னைச் சுவனத்தில் சேர்த்துவிடும் என்றார்கள்.