இந்தோனேசிய இஸ்லாமியத் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலப் பயிற்சியாசிரியர் பணி

கேள்வி (தண்டையார்பேட்டை): பி.எட். முடித்துள்ள எனக்கு, ஜாவாவில் உள்ள ஒரு மதரஸா இப்திதாயாவில் ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி வாய்ப்பு வந்திருக்கிறது. நான் முஸ்லிம் அல்லாதவள் என்பதால், அங்குள்ள நடைமுறையை அறிய விரும்புகிறேன்.

பதில் (மண்ணடி): சகோதரி, அது சமய வகுப்பு மட்டுமன்று, அந்நாட்டு மத விவகார அமைச்சகத்தின் கீழ், கணிதமும் அறிவியலும் சேர்த்துக் கற்பிக்கும் 6 ஆண்டுத் தொடக்கப்பள்ளி. தளர்வான முழுக்கை உடை அணியுங்கள். முக்காடு வேண்டுமா என்பதைப் பள்ளியிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் உங்கள் கையைப் பற்றி நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள், கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொள்ளாதீர்கள்.

பதில் (ராயபுரம்): உடையைவிட விசாதான் முக்கியம். ஊதியமில்லாப் பணியே என்றாலும் சுற்றுலா விசாவில் சென்று கற்பித்தால் நாடுகடத்தப்படக்கூடும். உரிய விசாவுக்குப் பள்ளி பொறுப்பேற்காவிட்டால் போகவே வேண்டாம்.

பதில் (வண்ணாரப்பேட்டை): இந்தோனேசிய மொழியும் ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் எழுத்தறிமுகம் தேவைப்படாது, உச்சரிப்புக்கே நேரத்தை ஒதுக்குங்கள்.